தண்ணீர் வரிசையில் யோகாம்பாள்

என் மனைவியின் பெயர் யோகாம்பாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் முதல் வாரமே அந்தப் பெயரைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். அங்கே அவள் "ஃபிராவ் யோகா", திருமதி யோகா. புதிதாக வந்து சேரும் கிழவிகள் சிலர், தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவள் என்று நினைத்து அவளைக் கண்டதும் கைகால்களை நீட்டிக் காட்டுவார்களாம். அவளோ கீழ்த்தளத்துச் சலவைப் பகுதியில் அவர்களுடைய இரவுச் சட்டைகளில் பெயர்த்துண்டு ஒட்டிக்கொண்டிருப்பவள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு காலுறைகூட அவள் கையில் ஆள் மாறிப் போனதில்லை.

நான் சிவானந்தராசா. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹவுஸ்வார்ட். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பனி தள்ளுவது, குழாய் திருத்துவது, கதிரை அடுக்குவது, யன்னல் உடைக்கும் பிள்ளைகளை முறைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். முறைப்பதில் எனக்கு நல்ல பெயர். மூக்கின் மேல் கோபம் நிற்கும் ஆள் என்று ஊரிலும் சொன்னார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபத்தால் நான் கெடுத்துக்கொண்ட ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். யோகாம்பாளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூற்றோராம் ஆண்டு. வந்தவுடன் ஏரிக்கரையில் இருந்த அகதிகள் விடுதி ஒன்றில் விட்டார்கள். எங்கள் ஆட்கள் அதைக் காம்ப் என்றுதான் சொல்வோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மூன்று வேளைச் சாப்பாடு, சூடான அறை, மேசைப் பந்தாட்டம். ஒரு குர்திஷ்காரனும் நானும் சேர்ந்தால் அந்தக் காம்பில் எங்களை வெல்ல ஆள் இல்லை. முதன்முதலில் பனியைக் கண்டதும் அங்கேதான், முதன்முதலில் பயமில்லாமல் நித்திரை கொண்டதும் அங்கேதான். கல்யாண வீடுகளில் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் நான் காம்ப் கதையைத் தொடங்கிவிடுவேன். யோகாம்பாள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

அவளும் காம்பில் இருந்தவள்தான். சமாதானக் காலத்தில், இரண்டாயிரத்து நான்கில், வன்னிக்குப் போய் அவளைக் கல்யாணம் கட்டினேன். உடனே கூட்டிவரத்தான் இருந்தேன். அவளுடைய தாய் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தா. அம்மாவை விட்டுவிட்டு எப்படி வருவது, கொஞ்சம் பொறுங்கள் என்றாள். பொறுத்தேன். பிறகு வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். அதன் பிறகு சண்டை. இரண்டாயிரத்து ஒன்பதில் தாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள், முள்ளுக்கம்பிக்குள்ளே தறப்பாள் கூடாரம் ஒன்றில் எட்டு மாதம் இருந்தாள். மாமி அங்கேயே போய்விட்டா. அடுத்த வருடம் சூரிச் விமான நிலையத்தில் அவளைக் கண்டபோது நான் அடித்த முதல் பகிடி, "நீரும் காம்ப், நானும் காம்ப், நல்ல பொருத்தம்தான்" என்பது. அவள் சிரித்தாள் என்று அன்று நினைத்தேன்.

மாமி எப்படிப் போனா என்று நான் கேட்கவே இல்லை. வருத்தக்கார மனுசி, காம்ப், மழை, தெரிந்த கதைதானே என்று விட்டுவிட்டேன். கிண்டிக் கிளறாமல் இருப்பது பெருந்தன்மை என்றுகூட என்னை நானே மெச்சிக்கொண்டேன். உண்மையில் கேட்கப் பயம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவர் மட்டும் வாழும் வீட்டில் ஒருவருடைய பழக்கம் மற்றவருக்கு நன்றாகத் தெரிந்துவிடும். யோகாம்பாளின் பழக்கம் தண்ணீர். எந்தப் போத்தல் காலியானாலும் கழுவித் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, பால்கனியில் அடுக்கிவிடுவாள். குழாயைத் திருப்பினால் மலைத் தண்ணீர் கொட்டும் நாடு இது. "ஊஸ்டரில் தண்ணீர் வற்றினால் நகரசபையே எங்கள் வீட்டுக்கு வாளியோடு வரும்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றுவாள்.

இனி என் ஆசையைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்த ரூடி என்ற ஆசிரியர், ஒவ்வொரு வருடமும் ஆபிரிக்காவுக்குப் போய் வந்து மண்டபத்தில் படம் காட்டுவார். கதிரை அடுக்குவதும் விளக்கை அணைப்பதும் என் வேலை. விளக்கை அணைத்துவிட்டுப் பின்சுவரில் சாய்ந்து நின்று பதினேழு வருடம் அந்தப் படங்களைப் பார்த்தேன். சிவப்பு மணல்மலைகள், வெடித்த உப்புத்தரை, ஆற்றைக் கடக்கும் யானைக் கூட்டம். நான் அகதியாக ஓடி வந்தவன். வேலைக்குப் போய் வந்தவன். ஆசைப்பட்டு ஓர் இடத்துக்குப் போனவன் இல்லை. சாவதற்குள் ஒருமுறை அந்த ஆற்றங்கரையில் நின்றுவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிந்து வைத்திருந்தேன்.

வேலையில் இருபத்தைந்து வருடம் முடிந்தபோது ஒரு மாத விடுமுறை தந்தார்கள். ரூடியிடம் கேட்டு ஒரு பயணத்தில் பெயர் பதிந்துவிட்டேன். நமீபியாவில் தொடங்கி, பாலைவனம், வனவிலங்குப் பூங்காக்கள் என்று லொறி ஒன்றில் இருபது நாள். பதினான்கு பேர். கூடாரத்தை நாமே அடிக்க வேண்டும், பாத்திரத்தை நாமே கழுவ வேண்டும். இரண்டு பேருக்கும் பதிந்துவிட்டுத்தான் யோகாம்பாளிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் முடிவுகள் அப்படித்தான் நடக்கும்.

காம்பிங் என்றால் என்ன என்று கேட்டாள். கூடாரம் அடித்துப் படுப்பது என்றேன்.

"காம்போ?" என்றாள்.

"காம்ப்தான். ஆனால் இது நாங்கள் விரும்பிப் போற காம்ப். நாங்கள் பாக்காத காம்போ?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு விருப்பமெண்டால் வாறன்" என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் எட்டு நாளும் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. ஒக்டோபர் மாதம், பகலில் தீ மாதிரி வெயில், விடியப்புறம் குளிர். லொறியை ஓட்டிக்கொண்டு வழிகாட்டியாகவும் இருந்தவர் எலியாஸ். சமையலுக்கு டாங்கெனி என்ற பெண். மற்றவர்கள் எல்லாரும் சுவிஸ்காரர். அவர்களில் சோலோதுர்னிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கழுத்தில் பெரிய கமராவோடு திரிவார். அவருடைய பெயர் பேயாட். யோகாம்பாளால் அந்தப் பெயரைச் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. பேய் ஆடுமோ என்று என் காதுக்குள் கேட்பாள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த மனுசன் தன்னைப் பிடித்துப்போய்த்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து அவளுக்குத் தினமும் ஓர் உலர்ந்த மாம்பழத்துண்டு கொடுத்தார்.

அந்தப் பயணத்தில் பாத்திரம் துடைக்கத் துணி கிடையாது. கழுவிய தட்டை இரண்டு கையிலும் பிடித்துக் காற்றில் விசுக்கிக் காயவைக்க வேண்டும். பெரிய மனிதர்கள் எல்லாம் வட்டமாக நின்று தட்டு விசுக்குவதைப் பார்த்தால் கோயில் திருவிழா மாதிரி இருக்கும். சலவைப் பகுதியில் விரிப்பு உதறிப் பழகியவள் யோகாம்பாள், அதில் அவளை யாரும் மிஞ்சவில்லை. டாங்கெனிக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்யக் காட்டிக் கொடுத்தாள். இருவருக்கும் பொது மொழி என்று பத்துச் சொல்கூட இல்லை. ஆனாலும் அடுப்படியில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் விடிய மணல்மலை ஒன்றில் ஏறினோம். நான் பாதியில் மூச்சு வாங்கி இருந்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில் அவள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டாள். மேலே இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கல்யாணம் கட்டியதில் இருந்து அந்த ஒரு தடவைதான் கூப்பிட்டாள், அதுவும் ஒருவருக்கும் விளங்காத இடத்தில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எழும்பி ஏறிப் போனேன். நாலு பக்கமும் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "இஞ்சை ஒரு இடத்திலையும் வேலி இல்லை என்ன."

சிங்கம் இந்தப் பக்கம் வராது, அதனால் வேலி தேவையில்லை என்று நான் விளக்கம் கொடுத்தேன். ரூடியின் படங்களில் கற்ற கல்வி.

ஒன்பதாம் நாள் வடக்கே இருந்த ஒரு பெரிய பூங்காவுக்குள் போனோம். அங்கே கதை வேறு. வாசலில் சீருடைக்காரர் ஒருவர் லொறிக்குள் ஏறித் தலைகளை எண்ணிப் பெயர்களை எழுதினார். தங்கும் இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி. மனிதர்கள் வேலிக்குள்ளே, மிருகங்கள் வெளியே. கூடாரம் அடிக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இலக்கக் கட்டை நட்டிருந்தது. யோகாம்பாள் இறங்கியதும் வேலியைப் பார்த்தாள், பிறகு இலக்கத்தைப் பார்த்தாள்.

கேற்றை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டாள். பொழுது பட்டதும் என்றேன்.

"பிறகு எங்களை வெளியிலை விடமாட்டினமோ?"

"வெளியிலை சிங்கம் நிக்குது. உம்மை விட்டால் அதுக்குச் சாப்பாடு" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் அன்று கூடாரத்தில் படுக்காமல் இருந்தபடியே விடியவைத்தாள். காலையில் கேட்டபோது வெக்கை என்றாள், நானும் நம்பினேன்.

அடுத்த நாள் பின்னேரம்தான் அது நடந்தது. நாலு மணிக்கு லொறி தண்ணீர்க்குட்டை ஒன்றுக்குப் புறப்பட வேண்டும். கேற்றைப் பூட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் எலியாஸ் அவசரப்பட்டார். காண்டாமிருகம் நிற்கிறது என்று செய்தி வந்திருந்தது. எல்லாரும் ஏறிவிட்டோம், யோகாம்பாளைக் காணவில்லை. யன்னலால் பார்த்தால், இரண்டு ஐந்து லீற்றர்ப் போத்தலோடு தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறாள். இரண்டு குழாயில் ஒன்று அன்று பூட்டிக் கிடந்தது. வேறு இரண்டு லொறிகளும் வந்திருந்ததால் நீள வரிசை. எங்கள் லொறியின் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது, அவளுக்கும் அது தெரியும்.

எலியாஸ் ஒலிபெருக்கியைத் திருப்பிவிட்டு "யோகா! யோகா!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மூன்றாம் முறையும் கூப்பிட்டார். அவள் தோள் ஒருமுறை அசைந்தது, கால் அசையவில்லை. லொறிக்குள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு மானம் போனது. பதினேழு வருடம் நான் காத்திருந்தது இந்தப் பெண் போத்தல் நிரப்பி முடிக்கவோ என்று தலைக்கு ஏறியது. இறங்கி ஓடினேன். பள்ளிக்கூடத்தில் யன்னல் உடைத்த பிள்ளைக்கு நேரே கை நீட்டுவதுபோல அவளுக்கு நேரே கையை நீட்டிக் கத்தினேன்.

"லொறி நிறையத் தண்ணி கிடக்கு. எல்லாரும் உம்மைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். இதென்ன காம்போ?"

லொறிக்குள் இருந்தவர்களுக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும் விளங்கிவிட்டது. "யா, யா, காம்ப்!" என்று பேயாட் உற்சாகமாகக் கையை ஆட்டினார். எல்லாரும் நல்ல மனத்தோடுதான் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் சுட்டது. நின்றால் நில்லும் என்று விட்டுவிட்டு ஓடிவந்து ஏறினேன். காண்டாமிருகத்தைப் பார்த்தேன். இரண்டு நின்றன.

திரும்பி வந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கூடாரத்துக்கு முன்னால் மடிப்புக் கதிரையில் இருந்தாள், பக்கத்தில் இரண்டு போத்தலும் நிறைந்து நின்றன. "நான் வீட்டை போறன்" என்றாள். எங்கள் ஆட்கள் கடைக்குப் போவதென்றாலும் போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்வோம். போறன் என்று வெறுமையாகச் சொல்வது ஆகாது. அது என் காதில் பட்டது, ஆனாலும் நான் ஏன் என்று கேட்கவில்லை. என் ஆசையில் மண் போட வந்தாள் என்ற கோபத்தோடு, போறதெண்டால் போமன் என்றேன்.

எலியாஸ் நல்ல மனுசன், யாரிடமோ கதைத்து ஒழுங்கு செய்தார். மறுநாள் காலை தலைநகருக்குத் திரும்பும் வான் வண்டி ஒன்றில் இடம் இருந்தது. அதில் இரண்டு இருக்கை இருந்தது என்பதையும் நான் இங்கே எழுதிவிட வேண்டும். இரண்டு பேரும் போகிறீர்களா என்று எலியாஸ் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் ஒன்று என்றேன். யோகாம்பாள் சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். டாங்கெனியைக் கட்டிப் பிடித்தாள். என்னிடம் வந்து, "நீங்கள் பாத்திட்டு வாங்கோ. கன வருசமா ஆசைப்பட்டனீங்கள்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் சண்டை பிடித்து, சண்டையோடு சண்டையாக வானில் ஏறியிருப்பேனோ என்னவோ.

மீதிப் பத்து நாளும் நான் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஓடத்தில் போனேன். மரத்தில் தொங்கிய சிறுத்தையின் வாலைப் பார்த்தேன். கடைசியில் அந்த ஆற்றங்கரையிலும் நின்றேன். நாற்பது யானைகளுக்கு மேல், குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு, மாலை வெயிலில் ஆற்றைக் கடந்தன. ரூடியின் படத்தில் கேட்காத சத்தம் நேரில் கேட்டது, தும்பிக்கையால் மூச்சு விடும் சத்தம். கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன், பேயாட் நின்றார். அவள் விட்டுப்போன பத்து லீற்றரையும் வழியில் நான்தான் குடித்து முடித்தேன்.

ஊஸ்டருக்கு வந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருந்தது. பால்கனியில் போத்தல்கள் முன்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தன, இப்போது இரண்டு பக்கமும் இருந்தன. அவள் வந்து, வெயிலில் கறுத்துப்போனீர்கள் என்றாள். வழக்கம்போல எல்லாம் நடந்தது. நானும் அப்பாடா என்று விட்டுவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேயாட் எல்லாருக்கும் படங்களை அனுப்பியிருந்தார். யானைகளைக் காட்டலாம் என்று போனை யோகாம்பாளிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு படத்தில் நிறுத்திவிட்டாள். லொறிக்குள் இருந்து எடுத்த படம். குழாயடி வரிசை, அதில் அவள். அவளுக்கு முன்னால் கையை நீட்டியபடி நான். அதை அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. வாங்கி அழித்துவிடப் பார்த்தேன், அவள் போனைத் தரவில்லை. படத்தின்மேல் விரலை வைத்து எண்ணினாள்.

"அண்டைக்கும் நாலு பேர்தான் முன்னுக்கு நிண்டவை" என்றாள்.

எந்த அன்றைக்கு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள், அழாமல், சலவைப் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்வதுபோல. அவளுடைய காம்பில் மத்தியானத்துக்கு மேல்தான் தண்ணீர் வண்டி வரும். வரிசையை விட்டு விலகினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. அன்று தாய்க்கு விடியத் தொடக்கம் காய்ச்சல். வாய் காய்கிறது, தண்ணீர் கொண்டு வா என்று சொல்லித்தான் அனுப்பினாவாம். முன்னால் நாலு பேர் நிற்கும்போது ஒலிபெருக்கியில் யோகாம்பாளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"மூண்டு தரம் கூப்பிட்டவை. நாலு பேர்தானே, தண்ணியை எடுத்துக்கொண்டு ஓடுவம் எண்டு நிண்டன். போகேக்கை அம்மாவின்ரை முகத்தைச் சீலையாலை மூடியிருந்திச்சினம். தண்ணி என்ரை கையிலை கிடந்தது."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பாயில் படுத்து, இதை ஏன் எனக்கு ஒருநாள்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் குற்றம் சாட்டும் தொனி வந்துவிட்டது. பழக்கதோஷம்.

"காம்ப் எண்டால் நீங்கள் உங்கடை காம்பைப் பற்றித்தான் கதைப்பியள்" என்றாள். பிறகு, "ஒருக்கால் கேட்டனீங்கள்தானே. இதென்ன காம்போ எண்டு. ஓம் எண்டு சொல்லத்தான் வந்தனான். நீங்கள் திரும்பிப் போட்டியள்" என்றாள்.

போனை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் எடுத்துப் பார்த்தேன். பேயாட் நல்ல கமரா வைத்திருக்கிறார், எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கிறது. என் கை அவளை நோக்கி நீண்டிருக்கிறது. அவளுடைய வாய் ஒரு சொல்லுக்குத் திறந்திருக்கிறது. என் முகம் அதற்குள் லொறிப் பக்கம் திரும்பிவிட்டது.